வெளியில எடுத்திட்டாங்களாம்: ஆள்மாற்றமும் ஒரு வீரனின் பெயரும்

பின்னேரம் ஐந்து மணி, ஊர் மைதானம். இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம்தான் ஆகிறது. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெடியன் குதித்துக் குதித்து உடம்பைச் சூடாக்குகிறான். பந்து வெளியே போனதும் நடுவர் கையைக் காட்ட, 10ஆம் இலக்கக்காரன் தலையைக் குனிந்தபடி வெளியே வருகிறான். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் இரண்டு பெயரையும் சொல்லி முடிக்க முன்னமே, கயிற்றுக்கு இந்தப் பக்கம் நிற்கிற சனம் தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. "உவன் இண்டைக்குச் சரியில்லை." "ஒருத்தனுக்கும் பந்து குடுக்கமாட்டார், தனியத்தான் ஓடுவார்." "கோச்சோட ஏதோ கொழுவல் போல." மூன்று பேர், மூன்று காரணம். எது உண்மை என்று அந்த மூன்று பேருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த நாள் தேத்தண்ணிக் கடையில் அந்த மூன்றில் ஒன்று அவனுடைய பெயரோடு ஒட்டிக்கொண்டு நிற்கும்.

உதைபந்தாட்டத்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஆள்மாற்றம் ஒரு சின்ன விசயமாகத் தெரியலாம். ஒருவர் போகிறார், ஒருவர் வருகிறார், அவ்வளவுதானே? ஆனால் ஒரு வீரனைப் பற்றிச் சனம் என்ன நினைக்கிறது என்பதில் அவன் போட்ட கோலுக்கு இருக்கிற பங்கு, அவன் எப்போது வெளியே எடுக்கப்பட்டான் என்பதற்கும் இருக்கிறது. அது எப்படி என்று விளங்கிக்கொண்டால் ஆட்டத்தையும் ஆடுகிறவர்களையும் வேறு கண்ணோடு பார்க்கலாம்.

முதலில் விதி. ஒரு அணியில் 11 பேர் ஆடுவார்கள். இன்னும் சிலர் வாங்கில் இருப்பார்கள். பெரிய போட்டிகளில் இப்போது 5 பேரை மாற்றலாம். அதற்காக ஒரு அணி ஆட்டத்தை 3 தரம்தான் நிறுத்த முடியும். இடைவேளையில் மாற்றினால் அது அந்தக் கணக்கில் வராது. மேலதிக நேரத்துக்குப் போனால் இன்னும் ஒருவரை மாற்ற இடமுண்டு. இதிலெல்லாம் முக்கியமானது, வெளியே போனவர் அந்த ஆட்டத்துக்குள் திரும்பி வரமுடியாது என்பது. எங்கள் ஊர்களில் உதைபந்துக்கு நிகராக ஆடுகிற கரப்பந்தாட்டத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே மாற்றப்பட்டவர் அதே சுற்றில் ஒருமுறை திரும்பி வரலாம். கூடைப்பந்தில் எத்தனை தரமும் போய்வரலாம். அதனால் அங்கே வெளியே வருவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உதைபந்தில் அது கடைசி. திரும்பி வரமுடியாது என்பதனாலேயே அது பார்க்கிறவர்களுக்குத் தண்டனை போலத் தெரிகிறது.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1970 வரை உலகக் கிண்ணத்தில் ஆளை மாற்றவே முடியாது. கால் முறிந்தாலும் மிச்சம் 10 பேரோடுதான் ஆடவேண்டும். 1970 மே 31இல் மெக்சிக்கோவில் நடந்த முதல் ஆட்டத்தின் இடைவேளையில் சோவியத் ஒன்றியத்தின் அனத்தோலி புஸாச் இறங்கினார்; உலகக் கிண்ணத்தின் முதல் மாற்று வீரர் அவர்தான். இங்கிலாந்து லீக்கில் அதற்கு முன்பே, 1965இல், ஒருவரை மாற்ற விட்டார்கள். ஆனால் காயம் என்றால் மட்டும். எந்தக் காரணத்துக்கும் மாற்றலாம் என்று ஆனது இரண்டு வருடம் கழித்து.

இந்த இரண்டு வருட இடைவெளி எனக்குப் பெரிய விசயமாகப் படுகிறது. காயத்துக்கு மட்டும் மாற்றலாம் என்றிருந்த காலத்தில் வெளியே வருகிறவனைப் பார்த்துச் சனம் இரக்கப்பட்டது. எதற்கும் மாற்றலாம் என்று வந்த நாளிலிருந்துதான் "ஏன்?" என்ற கேள்வி பிறந்தது. காரணத்தைச் சொல்லவேண்டும் என்று எந்த விதியும் இல்லை. பயிற்றுவிப்பாளர் சொல்லமாட்டார், நடுவர் கேட்கமாட்டார். அந்த வெற்றிடத்தைச் சனம் தானே கதை கட்டி நிரப்பிக்கொள்கிறது.

எதை வைத்துக் கட்டுகிறது? முதலாவது, எந்த நிமிடத்தில் எடுத்தார்கள் என்பது. இடைவேளைக்கு முன்னமே, காயம் ஒன்றும் தெரியாமல் ஒருவனை எடுத்தால் அதைவிடக் கடுமையான பேச்சு இல்லை. ஊர் முழுக்க அன்றிரவு அதுதான் கதை. இடைவேளையில் எடுத்தால் பாதிச் சனம் கவனிக்காது. அணி திரும்ப வரும்போது ஒரு முகம் குறைகிறது, அவ்வளவுதான். 60க்கும் 75க்கும் இடையில் எடுத்தால் அது வழமை. களைத்துப்போனான் என்று விடுவார்கள். 85க்குப் பிறகு எடுத்தால் அதே வெளியேற்றம் மரியாதையாகிவிடும். கோல் போட்டவனை வேண்டுமென்றே கடைசி நிமிடத்தில் எடுப்பது, சனம் எழும்பிக் கை தட்டட்டும் என்றுதான். செய்தது ஒன்றே, மணிக்கூடுதான் வேறு. அவமானமும் மாலையும் அந்த முள்ளின் இடைவெளியில் இருக்கின்றன.

எந்த நிமிடத்தில் மாற்றுவது நல்லது என்று கணக்குப் பார்த்தவர்களும் உண்டு. பிரெட் மயர்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2012இல் ஒரு விதி சொன்னார்: தோற்றுக்கொண்டிருக்கும் அணி முதல் ஆளை 58ஆம் நிமிடத்துக்கு முன்னும், இரண்டாவது ஆளை 73க்கு முன்னும், மூன்றாவது ஆளை 79க்கு முன்னும் மாற்றவேண்டும் என்று. 2016இல் கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அதைத் திரும்ப ஆராய்ந்து, அப்படி ஒரு பொன்னான நிமிடம் இருப்பதாகத் தெரியவில்லை என்றார்கள். எண்களோடு வாழ்கிறவர்களே இதில் ஒத்துப்போகவில்லை. கயிற்றோரம் நிற்கிற நாங்கள் அரை நிமிடத்தில் முடிவு கட்டுகிறோம்.

நிமிடத்துக்கு அடுத்தது கோல் கணக்கு. அணி தோற்றுக்கொண்டிருக்கும்போது வெளியே எடுக்கப்படுகிறவன் தோல்விக்குப் பொறுப்பாளியாகத் தெரிகிறான். 3 கோல் முன்னால் நிற்கும்போது எடுக்கப்படுகிறவன் ஓய்வு பெறுகிறான். பிறகு, யார் உள்ளே வருகிறார் என்பது. முன்கள வீரனை எடுத்துவிட்டுப் பின்கள வீரனைப் போட்டால், பயிற்றுவிப்பாளர் பயந்துவிட்டார் என்று பேச்சு அவர் பக்கம் போகும். முன்கள வீரனுக்கு முன்கள வீரன் என்றால் பேச்சு முழுக்க வெளியே வந்தவன் மேல்தான்.

எனக்கு 17 வயதில் இது நடந்தது. ஊர்ச் சுற்றுப்போட்டி ஒன்றில் இடைவேளைக்கு முன் என்னை வெளியே எடுத்தார்கள். கெண்டைக்கால் இறுகிக்கொண்டு வந்தது. நான் சொல்லவில்லை, ஆனால் நான் ஓடுகிற விதத்தில் அது தெரிந்துவிட்டது. எடுத்தது சரிதான். ஆனால் எனக்கும் ஒருத்தரும் காரணம் சொல்லவில்லை, சனத்துக்கும் சொல்லவில்லை. அடுத்த நாள் பாண் வாங்கப் போன கடையில் ஒரு பெரியவர், "என்ன தம்பி, உன்னை வெளியில எடுத்திட்டாங்களாம்?" என்று கேட்டார். நல்ல மனதோடுதான் கேட்டார். அந்த "எடுத்திட்டாங்களாம்" என்ற சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை. அவர் ஆட்டத்துக்கு வரவே இல்லை. ஆட்டம் அவரிடம் போய்ச் சேரவில்லை. நான் வெளியே வந்தது மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது.

பெரிய மைதானங்களிலும் இதுதான் கதை. 1994 உலகக் கிண்ணத்தில், ஜூன் 23, இத்தாலிக்கும் நோர்வேக்கும் ஆட்டம். 21ஆம் நிமிடத்தில் இத்தாலியின் கோல்காப்பாளர் பாலியூக்காவுக்குச் சிவப்பு அட்டை. இன்னொரு கோல்காப்பாளரை இறக்க யாரையாவது எடுத்தாகவேண்டும். பயிற்றுவிப்பாளர் சாக்கி எடுத்தது ரொபேர்ட்டோ பாஜியோவை. அப்போது உலகத்தின் சிறந்த வீரர் என்று பெயர் பெற்றிருந்தவரை. பாஜியோவின் முகத்தில் இருந்த அதிர்ச்சியைக் கமெரா பிடித்துக்கொண்டது. அவர் மோசமாக ஆடியதால் எடுக்கவில்லை. 10 பேரோடு எழுபது நிமிடம் ஓடவேண்டிய ஆட்டத்துக்கு ஓடுகிற கால்கள் தேவைப்பட்டன. இத்தாலி 1-0 என்று வென்றது. ஆனாலும் அந்த ஆட்டத்தில் பலருக்கும் நினைவில் நிற்பது வெற்றிக் கோல் அல்ல, அந்த முகம். அதே பாஜியோதான் இறுதிக்கு முந்திய மூன்று ஆட்டங்களில் நைஜீரியா, ஸ்பெயின், பல்கேரியா என்று 5 கோல் போட்டு இத்தாலியை இறுதிக்குக் கொண்டுபோனார்.

இன்னொன்று, இன்னும் பழையது. 1970 காலிறுதி, இங்கிலாந்தும் மேற்கு ஜேர்மனியும். இங்கிலாந்து 2-0 என்று முன்னால் நின்றது. பெக்கன்பவர் ஒரு கோலைத் திருப்பினார். அதற்குப் பிறகு பயிற்றுவிப்பாளர் ராம்சே, பொபி சார்ள்ட்டனை வெளியே எடுத்தார். மெக்சிக்கோவின் வெயில், 32 வயது, அரையிறுதிக்கு அவர் தேவை என்ற எண்ணம். ஜேர்மனி சமன் செய்து, மேலதிக நேரத்தில் 3-2 என்று வென்றது. அதுவே சார்ள்ட்டனின் 106ஆவதும் கடைசியுமான சர்வதேச ஆட்டம். "சார்ள்ட்டனை எடுத்ததால்தான் தோற்றோம்" என்று இங்கிலாந்தில் பல காலம் பேசினார்கள். ஆனால் ஜேர்மனியின் முதல் கோல் விழுந்தபோது சார்ள்ட்டன் இன்னும் மைதானத்துக்குள்தான் நின்றார். அந்த ஒழுங்கை நினைவு மாற்றிப் போட்டுவிட்டது.

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதை என்று எங்கள் ஆட்கள் சொல்வது இதைத்தான். காகம் இருந்ததும் உண்மை, பழம் விழுந்ததும் உண்மை. காகம் விழுத்தியதா என்பது வேறு கேள்வி. ஆள்மாற்றத்தைப் பார்க்கிறவர்கள் இந்த ஒரு பழமொழியை மனதில் வைத்திருந்தால் பாதிப் பிழை குறையும். ஒருவன் இறங்கி இரண்டு நிமிடத்தில் எதிரணி கோல் போட்டால் "உவன்ரை கால் ராசியில்லை" என்கிறோம். அவன் அந்த நேரத்தில் பந்தைத் தொட்டிருக்கவே மாட்டான்.

இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பலர் இறக்கப்படுவதே அணி பின்னால் நிற்கும்போதுதான். அப்படியென்றால் அவன் இறங்கின ஆட்டங்களை எண்ணிப் பார்த்தால் தோல்விகள்தான் கூடுதலாக இருக்கும். "அவன் இறங்கினாலே தோல்விதான்" என்று கணக்குச் சொல்லலாம், அந்தக் கணக்கு எழுத்துக்கு எழுத்து உண்மையாகவும் இருக்கலாம். ஆசுப்பத்திரியில் வைத்தியர் நிற்கிற கட்டில்களில் எல்லாம் நோயாளி கிடப்பதைப் பார்த்து, வைத்தியரால்தான் நோய் வந்தது என்று சொல்வதைப் போன்றது அது.

இறங்கினவன் கோல் போட்டுவிட்டாலோ, கதை மறுபக்கம் திரும்பிவிடும். 1999 மே 26, பார்சிலோனா மைதானத்தில் சம்பியன்ஸ் லீக் இறுதி. மன்செஸ்டர் யுனைட்டட் 0-1 என்று பின்னால். 67ஆம் நிமிடத்தில் ஷெரிங்கம் இறங்கினார், 81இல் சொல்ஷ்யார். உபாதையீடு நேரத்தில் ஷெரிங்கம் ஒரு கோல், சொல்ஷ்யார் ஒரு கோல். பயேர்ண் மியூனிக் வீரர்கள் நிலத்தில் விழுந்து கிடந்தார்கள். அதே வருடம் பெப்ரவரியில் நொட்டிங்கம் ஃபொரஸ்ட் அணிக்கு எதிராகக் கடைசி இருபது நிமிடத்துக்குள் இறங்கி 4 கோல் போட்டவர் சொல்ஷ்யார். 'சுப்பர் சப்', அதாவது சிறந்த மாற்று வீரர், என்ற பெயர் அவரோடு ஒட்டியது. வாங்கில் இருந்தபடி எதிரணிப் பின்கள வீரர்கள் எங்கே பிழை விடுகிறார்கள் என்று படித்துக்கொண்டிருப்பார் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள். அது ஒரு பெரிய திறமை. ஆனால் அவர் யுனைட்டட்டுக்குப் போட்ட 126 கோல்களில் பெரும்பாலானவை தொடக்கத்திலிருந்தே ஆடிய போட்டிகளில் வந்தவை. இதைச் சொன்னால் பலர் நம்பமாட்டார்கள். ஒரு இரவு அவ்வளவு பெரிதாகிவிட்டது.

இந்தப் பட்டம் ஒரு கையால் கொடுத்து மறு கையால் பறிக்கும். கடைசி இருபது நிமிடத்துக்கு இவன்போல் ஆள் இல்லை என்று சொல்லத் தொடங்கினால், முதல் எழுபது நிமிடத்துக்கு இவன் வேண்டாம் என்றும் அது ஆகிவிடும். அந்தக் கடைசி இருபது நிமிடத்தின் தன்மையும் வேறு. எதிரணிக் கால்கள் களைத்திருக்கும், இடைவெளிகள் திறந்திருக்கும், இறங்குகிறவனுக்கு மட்டும் மூச்சு முழுதாக இருக்கும். எங்கள் வெயிலில் 4 மணிக்குத் தொடங்குகிற ஆட்டத்தில் கடைசிக் கால்மணி நேரத்தைப் பார்த்தவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அதனால் இறங்கிப் போட்ட கோலையும் தொடக்கத்திலிருந்து ஆடிப் போட்ட கோலையும் ஒரே தராசில் வைத்து, நிமிடத்துக்கு இத்தனை என்று வகுத்துப் பார்ப்பது இருவருக்கும் நியாயமில்லை. 1990 உலகக் கிண்ணத்தில் கமரூனின் ரோஜர் மில்லா, 38 வயதில், போட்ட 4 கோல்களும் மாற்று வீரராக இறங்கிப் போட்டவை. அவருக்கு அந்த வேலை பொருந்தியது. எல்லோருக்கும் பொருந்தாது.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது, மேலதிக நேரமும் சமனாக முடிந்தால் வெற்றியைத் தீர்மானிக்கிற பெனல்டி உதைகளுக்காகவே ஆளை இறக்கிய இரண்டு இரவுகள். 2014 உலகக் கிண்ணக் காலிறுதியில் நெதர்லாந்தின் பயிற்றுவிப்பாளர் வான் கால், மேலதிக நேரம் முடிகிற தறுவாயில், கோல்காப்பாளர் சிலெசனை எடுத்துவிட்டு டிம் குருலை இறக்கினார். குருல் கொஸ்டா ரிக்காவின் 5 உதைக்கும் சரியான பக்கம் பாய்ந்து 2ஐத் தடுத்தார். உலகமே வான் காலை மேதை என்றது. 2021 ஜூலை 11, ஐரோப்பியக் கிண்ண இறுதி. இங்கிலாந்தின் சவுத்கேட், 120ஆவது நிமிடத்தில், பெனல்டி அடிப்பதற்கென்றே ராஷ்ஃபோர்டையும் சாஞ்சோவையும் இறக்கினார். ராஷ்ஃபோர்டின் பந்து தூணில் பட்டது. சாஞ்சோவின் பந்தை இத்தாலியின் கோல்காப்பாளர் டொனருமா தடுத்தார். முன்னமே மாற்று வீரராக வந்திருந்த 19 வயது சாக்காவின் உதையும் தடுக்கப்பட்டது. இத்தாலி வென்றது.

இரண்டு முடிவுக்கும் பின்னால் இருந்த யோசனை ஒன்றுதான்: இந்த வேலைக்கு இவன் கூடுதல் பொருத்தம், கடைசி மாற்றத்தை இதற்கென்று வைத்திருப்போம். ஒன்று பலித்தது, மற்றது பலிக்கவில்லை. விளைவை வைத்து முடிவை நிறுக்கிறோம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோடி எனக்குத் தெரியாது. ஆனால் இங்கிலாந்தில் அது பயிற்றுவிப்பாளரோடு நிற்கவில்லை. அன்றிரவே அந்த மூன்று கறுப்பின இளைஞர்கள்மேலும் இணையத்தில் இனவெறி கொட்டப்பட்டது. மன்செஸ்டரில் சுவரில் வரைந்திருந்த ராஷ்ஃபோர்டின் ஓவியத்தை யாரோ அசிங்கப்படுத்தினார்கள். பிறகு ஊர்ச் சனம் வந்து அந்த இடத்தை அன்பான கடிதங்களால் மூடியது. யார் அடிப்பது என்ற முடிவு தன்னுடையது என்று சவுத்கேட் வெளிப்படையாகச் சொன்னார். ஒரு பயிற்றுவிப்பாளர் தன் பிள்ளைகளுக்குச் செய்யவேண்டிய முதல் வேலை அது என்று நான் நினைக்கிறேன்.

சிலெசனின் பக்கத்தையும் பாருங்கள். 120 நிமிடம் ஒரு கோலும் விடாமல் நின்றவர். தன்னை எடுக்கப்போகிறார்கள் என்று அவருக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை. வெளியே வந்து போத்தலை உதைத்தார். அடுத்த ஆட்டம், ஆர்ஜன்டீனாவோடு அரையிறுதி, அதுவும் பெனல்டிக்குப் போனது. இந்த முறை மாற்றங்கள் முடிந்திருந்தன. சிலெசனே நின்றார், ஒன்றையும் தடுக்க முடியவில்லை. பெனல்டிக்கு இவர் உதவமாட்டார் என்று நாலு நாளுக்கு முன் உலகத்துக்கே காட்டிவிட்டு, அதே வேலைக்கு அவரை நிறுத்த வேண்டி வந்தது.

போத்தலை உதைப்பது, கை கொடுக்காமல் போவது, நேரே உடைமாற்றும் அறைக்கு நடப்பது, இவையெல்லாம் சனம் வாசிக்கிற கடைசி வரி. 2019 பெப்ரவரியில் இங்கிலாந்து லீக் கிண்ண இறுதியில் செல்சியின் கோல்காப்பாளர் கேப்பா வெளியே வர மறுத்து நின்றார். தனக்குக் காயமில்லை என்று சொல்ல முயன்றதாகவும் அது தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டது என்றும் பிறகு விளக்கினார். இருந்தும் கேப்பா என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அவர் தடுத்த பந்துகள் அல்ல, அந்தக் கையசைப்பு. ரொனால்டோவை 2022 உலகக் கிண்ணத்தில், டிசம்பர் 6இல், சுவிற்சர்லாந்துக்கு எதிராகத் தொடக்கத்தில் விடவில்லை. பதிலுக்கு ஆடிய 21 வயது ராமோஸ் 3 கோல் போட, போர்த்துக்கல் 6-1 என்று வென்றது. "எப்பவோ இருத்தியிருக்க வேணும்" என்று பேச்சு. 4 நாள் கழித்து மொரோக்கோவோடும் அதே ஏற்பாடு. 0-1 தோல்வி. "ஏன் தொடக்கத்திலேயே விடவில்லை?" என்று பேச்சு.

இனி எங்கள் மைதானங்களுக்கு வருவோம். குருநகர், பாசையூர், நாவாந்துறை, இளவாலை என்று உதைபந்து ஊறின ஊர்கள் யாழ்ப்பாணத்தில் நிறைய. துரையப்பா விளையாட்டரங்கில் இறுதியாட்டம் என்றால் வேலைத்தலத்தில் அரை நாள் லீவு எடுத்து வருகிறவர்களை எனக்குத் தெரியும். இங்கே அடிக்கடி நடக்கிற அணிக்கு 7 பேர், 9 பேர் ஆட்டங்களில் விதியை ஏற்பாட்டாளர்கள் தீர்மானிப்பார்கள். வெளியே போனவர் திரும்பி வரலாம் என்று வைத்தால், ஆள்மாற்றத்தின் கூர் அங்கே மழுங்கிவிடும். சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கும் இப்படித் திரும்பி வருகிற முறையைச் சர்வதேச விதியே அனுமதிக்கிறது. எல்லாச் சிறுவர் ஆட்டத்திலும் அதை வைக்கவேண்டும் என்பது என் விருப்பம். 12 வயதுப் பிள்ளைக்கு "இனி நீ இல்லை" என்று சொல்லத் தேவையில்லை. "கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு வா" போதும்.

எங்களுக்கென்று வேறு சில விசயங்களும் உண்டு. ஒலிபெருக்கிக்காரர் ஒரு சொல்லை எப்படி இழுக்கிறார் என்பதில் ஒரு பெடியனின் அன்றைய பெயர் தங்கியிருக்கிறது. "ஓய்வெடுக்க வருகிறார்" என்பதும் "வெளியேற்றப்படுகிறார்" என்பதும் ஒன்றல்ல. பத்திரிகையில் கோல் போட்டவர் பெயர் வரும். அந்தக் கோலுக்கு வழிவிட்டு வெளியே வந்தவர் பெயர் வராது. இப்போது ஆட்டங்களைத் தொலைபேசியில் நேரலையாகவும் விடுகிறார்கள். லண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கிற மாமாக்கள், சித்தப்பாக்கள் பார்க்கிறார்கள். கமெராக்காரர் வெளியே வருகிறவனின் முகத்தை விடாமல் பின்தொடர்ந்தால், ஆட்டம் முடிய முன்னமே அவன்ரை அம்மாவுக்கு அழைப்பு வந்துவிடும்: "என்ன, தம்பியை எடுத்துப்போட்டாங்கள்?"

5 பேரை மாற்றலாம் என்ற விதி 2020இல் கொரோனாக் காலத்தில் தற்காலிகமாக வந்து, 2022இல் நிரந்தரமானது. அதற்கு முன் நீண்ட காலம் 3 பேர்தான். மூன்றில் ஒருவனாக எடுக்கப்படுவதைவிட ஐந்தில் ஒருவனாக எடுக்கப்படுவது கொஞ்சம் இலேசு. பாதி அணியே மாறுகிற ஆட்டத்தில் ஒருவனை மட்டும் பிடித்துக் கதை சொல்வது கடினம். வீரர்களின் பெயருக்கு இந்த விதி செய்த நன்மையை யாரும் அதிகம் பேசுவதில்லை.

அடுத்த முறை ஆட்டம் பார்க்கப் போகும்போது ஒரு வேலை செய்து பாருங்கள். ஒருவன் வெளியே எடுக்கப்பட்டதும், அதற்கு முந்திய பத்து நிமிடத்தில் அவன் எப்படி ஓடினான் என்று நினைவுபடுத்துங்கள். அவனுக்கு மஞ்சள் அட்டை இருந்ததா? அவனுடைய பக்கத்தால் எதிரணிக்கு வேகமான ஆள் யாராவது புதிதாக இறங்கினானா? அவன் கெண்டைக்காலைப் பிடித்தானா? அவன் செய்துகொண்டிருந்த வேலையே முடிந்துவிட்டதா? பெரும்பாலும் பதில் இவற்றில் ஒன்றில் இருக்கும், கோபத்தில் இருக்காது.

நான் இப்போது ஊர்க் கழகத்தில் சின்னப் பெடியளுக்குப் பயிற்சிக்கு உதவுகிறேன். போன மாதம் ஒரு ஆட்டத்தில் 10ஆம் இலக்கக்காரனை 52ஆம் நிமிடத்தில் எடுக்கவேண்டி வந்தது. அவன் தலையைக் குனிந்துகொண்டு வரும்போது நான் எல்லைக்கோடு வரை போய், தோளில் கை வைத்து, கயிற்றோரம் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற குரலில் சொன்னேன்: "கெண்டை இறுகியிருக்கு தம்பி, எனக்குத் தெரியுது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு நீ கட்டாயம் வேணும்." அவன் நிமிர்ந்து பார்த்தான். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு ஐயா பக்கத்தில் நின்றவரிடம், "கெண்டையாம்" என்றார். அது அப்படியே ஆளாளுக்குப் போனது. அன்றிரவு தேத்தண்ணிக் கடையில் அவனைப் பற்றிக் கதை வந்தபோது, நல்லெண்ணெய் பூசுவதா ஐஸ் வைப்பதா என்றுதான் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.